சுவை நீங்கிய பின் எஞ்சுவது

சுவையை விட்டவர் ஆசையையும் விட்டவர் ஆவரா? நம் இல்லங்களில் அட்டமியிலும் சதுர்த்தசியிலும் உப்பையோ நெய்யையோ இனிப்பையோ விலக்கி உண்ணும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. புறத்தவங்கள் ஆறனுள் ஒன்றாகிய இரசபரித்தியாகத்தின் சிறு சாயல் அது. சிறு பருவந்தொட்டு அதனைக் கண்டு வளர்ந்தமையாலோ என்னவோ, மேற்கண்ட வினா நம் உள்ளத்தில் எழுந்ததே இல்லை. வேற்றுச் சமயத்தைச் சார்ந்த நம் பழைய மாணவர் ஒருவர் வந்து கேட்ட பிறகே அதன் கூர்மை புலப்பட்டது.

பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றின் தென்கரையில் உள்ள லப்பைக்குடிக்காட்டில் நாம் பல்லாண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தோம். ஓய்வு பெற்ற பின்னும் அவ்வூரிலேயே தங்கிவிட்டோம். வளைகுடா நாடுகளுக்குச் சென்று பொருளீட்டுவோர் மிகுந்த ஊர் அது. நம்மிடம் ஐந்தாம் வகுப்புப் பயின்ற ஒருவர், இப்பொழுது நாற்பத்தைந்து அகவையினர், துபாயிலிருந்து விடுப்பில் வந்தபோது மகனுடன் நம்மைக் காண வந்தார். இருபது ஆண்டுகளாகப் பிடித்துவந்த சிகரெட்டை விட்டுவிட்டதாகவும், அதற்கு மாற்றாக மின் சிகரெட்டை, அதாவது இளைஞர்கள் 'வேப்' என்று வழங்கும் கருவியைப் பயன்படுத்துவதாகவும் கூறினார். அதில் ஊற்றும் திரவத்தைக் கடையில் வாங்குவதில்லையாம். தாமே வீட்டில் கலந்துகொள்வாராம். மணமும் இனிப்பும் சேர்ப்பதில்லை. எப்பொழுதேனும் ஒரு துளி புதினா மணம் மட்டும் உண்டாம்.

"டீச்சர், நீங்கள் சதுர்த்தசியன்று உப்பில்லாச் சோறு உண்பதைப் பார்த்திருக்கிறேன். இதுவும் அது போலத்தான். சுவையை எடுத்துவிட்டேன், நஞ்சையும் குறைத்துக்கொண்டு வருகிறேன். என் கையாலேயே அளந்து கலக்கிறேன். இதில் குற்றம் எங்கே இருக்கிறது?" என்றார்.

கல்லூரியில் பயிலும் மகன், தந்தைக்குத் துணை நிற்பவன் போல, "நான் நிக்கோட்டினே சேர்ப்பதில்லை, டீச்சர். வெறும் ஆவிதான்" என்று சொல்லிவிட்டான். தந்தை அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையிலிருந்து, அச்செய்தி அவருக்கும் அந்நொடியில்தான் தெரிய வந்தது என்பதை உணர்ந்தோம்.

இக்கருவியை அறியாத மூத்தோர் பொருட்டுச் சில சொற்கள். 2003ஆம் ஆண்டளவில் சீனாவைச் சேர்ந்த ஹொன் லிக் என்னும் மருந்தாளர் இதன் இன்றைய வடிவத்தை அமைத்தார். மின்கலத்தால் சூடேறும் சிறு கம்பிச்சுருள், அதில் தோய்ந்த திரவத்தை ஆவியாக்குகிறது. திரவத்தின் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் ஆகும். அவற்றுடன் புகையிலையின் போதைப் பொருளாகிய நிக்கோட்டினையும், மாம்பழம், புதினா முதலிய மணங்களையும் சேர்ப்பர். இலை எரியாமையால் சிகரெட்டுப் புகையில் உள்ள தாரும் கரிய நஞ்சுகளும் இதில் பெரிதும் குறைவு என்பது உண்மையே. வீட்டில் கலப்போர் இப்பொருள்களைத் தனித்தனியே வாங்கிச் சிரிஞ்சால் அளந்து, தமக்கு வேண்டிய கடுமைக்கேற்பக் கலந்துகொள்கின்றனர்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவோம். தமிழ்நாடு 2018ஆம் ஆண்டிலேயே மின் சிகரெட்டைத் தடை செய்தது. நடுவண் அரசு 18-9-2019 அன்று அவசரச் சட்டம் பிறப்பித்து, அவ்வாண்டு டிசம்பரில் அதனை நாடாளுமன்றச் சட்டமாக்கியது. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, பகிர்வு, விளம்பரம் ஆகியவற்றுக்கு முதன்முறை ஓராண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். அமீரகத்தில் 2019 முதல் இதன் விற்பனைக்கு அனுமதி உண்டு என்பதால், அங்கே கடையில் வாங்கியதை இங்கே பெட்டியில் வைத்துக்கொண்டு வருவதும் ஒன்றே என்று பலர் எண்ணுகின்றனர். அது இறக்குமதிக் குற்றம். சட்டத்தின் சொற்பொருள் விளக்கமும் கருதத்தக்கது: நிக்கோட்டின் இருப்பினும் இல்லாவிடினும், மணம் இருப்பினும் இல்லாவிடினும், ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்கும் ஆவியாக்கும் மின்கருவி அனைத்தும் அதனுள் அடங்கும். ஆகவே தந்தையின் 'சுவையில்லை' என்னும் வாதமும், மகனின் 'நிக்கோட்டின் இல்லை' என்னும் வாதமும் சட்டத்தின் முன் செல்லா. இதனை அவர்களிடம் கூறினோம். ஆயினும் அறம் பற்றிய ஆராய்ச்சியைச் சட்டத்தோடு முடித்துவிட முடியாது. அதே சட்டம்தான் பீடியையும் சிகரெட்டையும் பெட்டிக்கடையில் விற்க விட்டிருக்கிறது.

நம் வாசகருள் சிலர் உடனே கேட்கக்கூடிய வினா ஒன்று உண்டு: அந்தக் கிளிசரின் தாவர எண்ணெயில் எடுத்ததா, விலங்குக் கொழுப்பில் எடுத்ததா? இரு வகையும் உண்டு. பெட்ரோலியத்திலிருந்து செய்வதும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்குத் தக்க விடை கிடைத்துவிட்டால் ஏனையவெல்லாம் சரியாகிவிடும் என்று கருதும் ஒரு வழக்கம் நம்மிடையே உண்டு. நெய் தூயதா என்று ஆராய்ந்துவிட்டு, எதற்காக உண்கிறோம் என்பதை ஆராயாமல் விடும் வழக்கம் அது. இங்கே அதனைத் தவிர்ப்போம்.

மாணவரின் வாதத்தில் உண்மை இருக்கிறது. மணப்பொருளை நீக்கியது அறிவுடைய செயலே. உண்ணுதற்குத் தீங்கற்ற பொருளெல்லாம் மூச்சில் செல்லுதற்கும் தீங்கற்றது ஆகாது. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்துச் சோளப்பொரி ஆலை ஒன்றில் வேலை செய்த எண்மர், வெண்ணெய் மணத்துக்காகச் சேர்க்கப்படும் டைஅசிட்டைல் என்னும் பொருளின் ஆவியைச் சுவாசித்து, நுரையீரலின் நுண்குழல்கள் மீளாவண்ணம் கெட்டமை 2000ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அந்தப் பொரியைத் தின்றவர்க்கு அவ்வாறு நேரவில்லை. ஆலையில் அதன் ஆவியை மூச்சில் வாங்கியவர்க்கே நேர்ந்தது. வயிற்றுக்கு உமிழ்நீரும் அமிலமும் கல்லீரலும் காவல். நுரையீரலுக்கு அத்தகைய காவல் இல்லை. எனவே கலவையில் ஒரு பொருள் குறைவது ஓர் ஐயம் குறைவதாகும்.

ஆனால் ஓர் ஐயம்தான் குறைகிறது. 2019இல் அமெரிக்காவில் மின் சிகரெட்டுப் பிடித்தோரிடையே கொடிய நுரையீரல் நோய் பரவியது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் 68 பேர் இறந்தனர். பெரும்பாலும் முறையான கடைகளில் அன்றிக் கைமாற்றாகப் பெற்ற கஞ்சாச் சத்துக் கலவைகளில், திரவத்தைக் கெட்டியாக்கச் சேர்த்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது. அது சுவைக்காகச் சேர்த்ததன்று. உண்டாலும் தோலில் பூசினாலும் பெரிதும் கேடற்ற பொருள். மூச்சில் சென்றபோது உயிரை வாங்கியது.

இனி, 'என் கையாலேயே கலக்கிறேன்' என்பதை ஆராய்வோம். நம்மூர்ப் பெண்டிர்க்கு இவ்வாதம் மிகவும் பிடிக்கும். கடைப்பொடியை நம்பாமல் வீட்டில் மிளகாய் அரைப்பவர்கள் அல்லவா நாம்! மிளகாயை முகர்ந்தும் கையில் உடைத்தும் பார்த்து அறிகிறோம். கிளிசரினையும் புரொப்பிலீன் கிளைக்காலையும் எதனால் அறிவது? இரண்டும் நிறமற்றவை, மணமும் அற்றவை. அவற்றைப் போலவே தோன்றும் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு அவற்றில் கலந்திருந்தால் கண்ணும் மூக்கும் காட்டிக் கொடுக்கமாட்டா. 1986ஆம் ஆண்டு பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகள் இறந்தது அவ்வாறு மாசுற்ற கிளிசரினால். அதனை நீதிபதி லெண்டின் ஆணையம் விசாரித்தது. 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாடாவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்தால் மாண்டனர். அம்மருந்து செய்யப்பட்டது நம் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்சாலை ஒன்றில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் காணப்பட்டது. மருந்துத் தரமற்ற புரொப்பிலீன் கிளைக்காலைச் சோதியாமல் பயன்படுத்தியமை சுட்டப்பட்டது. மின் சிகரெட்டுக் குழலிலும் இந்நஞ்சு காணப்பட்டதுண்டு: 2009இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை 18 குழல்களைச் சோதித்தபோது ஒன்றில் அது ஏறத்தாழ 1 விழுக்காடு இருந்தது. உரிமம் பெற்ற ஆலையே சோதிக்காமல் விட்டதை, லப்பைக்குடிக்காட்டு வீட்டின் மாடியறையில் யார் சோதிப்பது? கையால் செய்தது என்பதால் ஒரு பொருள் தூயது ஆவதில்லை. செய்தவர் மேல் பொறுப்பு ஏறுகிறது, அவ்வளவே.

நிக்கோட்டினின் பொறுப்பு அதனினும் பெரிது. பெரம்பலூர் வட்டாரத்துப் பருத்திக் காடுகளில் அசுவினிப் பூச்சிக்குப் புகையிலையை ஊறவைத்து வடித்துத் தெளிக்கும் வழக்கத்தை நாம் கண்டிருக்கிறோம். அந்தக் கஷாயப் பானையைத் தொழுவத்துப் பரணில், பிள்ளைகளுக்கும் கன்றுகளுக்கும் எட்டாத இடத்தில் வைப்பர். தெளிப்பவர் முகத்தில் துணி கட்டிக்கொள்வார். அதே சத்துத்தான் இங்கே மில்லி லிட்டருக்கு 100 மில்லி கிராம் அளவில் குப்பியில் அடைபட்டு வருகிறது. 10 மில்லி லிட்டர்க் குப்பியில் 1 கிராம். வளர்ந்த ஒருவரின் உயிரைப் பறிக்கும் அளவு 60 மில்லி கிராம் எனப் பழைய நூல்கள் கூறின. 2014இல் வெளிவந்த மறு ஆய்வு ஒன்று அது அரை கிராமுக்கு மேல் என்றது. எந்தக் கணக்கைக் கொண்டாலும் ஒரு சிறு குப்பி ஓர் உயிருக்கு மிகை. தோல் வழியாகவும் அது உடலுள் புகும். ஈரமான புகையிலை பறிக்கும் கூலியாட்கள் தலைசுற்றி வாந்தியெடுப்பது அதனால்தான்.

2018ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு தாய், தன் பயன்பாட்டுக்காக வெளிநாட்டிலிருந்து வருவித்திருந்த நிக்கோட்டின் திரவத்தை அவருடைய ஒன்றரை வயதுக் குழந்தை வாயில் வைத்துவிட்டது. குழந்தை பிழைக்கவில்லை. அத்தாய் கொடியவர் அல்லர்; சிகரெட்டை விட முயன்றவர். இச்செய்தியைச் சொன்னபோது மாணவர் தலை குனிந்தார். அவருடைய அலமாரியில் தந்தையின் குப்பியும் மகனின் குப்பியும் அடுத்தடுத்து இருக்கக்கூடும் என்பதை அவரே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றில் நஞ்சு, மற்றொன்றில் இல்லை. இரண்டும் நீர் போன்றவை, இரண்டிலும் மணமில்லை. சுவையை நீக்கியபோது, 'இது குடிநீரன்று' என்று எச்சரிக்கக்கூடிய ஒரே அடையாளமும் நீங்கிவிட்டது. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் பயனற்ற தீங்குகளை ஐவகையாக்கும்போது, நஞ்சும் கருவியும் பிறர் கைக்கு எட்டச் செய்தலை இம்சாதானம் என்று தனியே வைத்ததன் காரணம் இத்தகைய அலமாரிகளைக் கண்டால் விளங்கும்.

இப்பொழுது உப்பில்லாச் சோற்றுக்கு வருவோம். அவர் ஒப்புமை கூறியபோது நாம் உடனே மறுக்கவில்லை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. சோறு உடலுக்கு வேண்டும். உப்பும் நெய்யும் இனிப்பும் நாவுக்கு வேண்டும். உடலின் தேவையோடு நாவின் விருப்பம் பின்னிக்கிடப்பதால், நாம் பசிக்கு உண்கிறோமா சுவைக்கு உண்கிறோமா என்பது நமக்கே தெரிவதில்லை. சுவையை ஒரு நாள் எடுத்துவிட்டால் தேவை மட்டும் எஞ்சுகிறது. இரண்டு கவளம் போதும் என்பது தெரிந்துவிடுகிறது. இரசபரித்தியாகத்தின் பயன் அந்தப் பிரித்தறிவே.

மின் சிகரெட்டிலிருந்து சுவையை எடுத்தால் எஞ்சுவது யாது? தேவை எதுவும் எஞ்சவில்லை. உடல் அந்த ஆவியைக் கேட்டதில்லை. பழக்கப்படுத்திய பின்னரே கேட்கத் தொடங்கியது. மாம்பழ மணம் இருந்தவரை, 'மணத்துக்காகப் பிடிக்கிறேன்' என்று ஒரு சாக்குச் சொல்லலாம். மணமும் போன பின், நாளில் பல முறை கை தானே எழுந்து வாய்க்குச் செல்கிறதே, அது வெறும் பற்று. ஆடை களைந்த பற்று. உணவில் சுவையைத் துறந்தால் ஆசை மெலிகிறது. இங்கே சுவையைத் துறந்ததால் ஆசை மட்டுமே தனித்து நிற்கிறது. ஒப்புமை தலைகீழாகிவிட்டது என்று அவரிடம் கூறினோம்.

இதனை அவரைக் குற்றம் சாட்டுவதற்காகக் கூறவில்லை. தன் பற்றை இவ்வாறு சாக்கின்றித் தனியே காண்பது விட எண்ணுபவர்க்கு ஒரு வாய்ப்பும் ஆகும். மணத்தோடு பிடிப்பவரைவிட அவர் விடுதலைக்கு ஓரடி அருகில் நிற்கிறார் என்பதே நம் கருத்து. ஆனால் அவ்வடியிலேயே நின்றுவிடலாகாது. போகோபபோக பரிமாணத்தைக் கூறும் இடத்தில் ஆசாரியர், துறவை நியமம் என்றும் யமம் என்றும் இரண்டாகப் பிரிக்கிறார். காலவரையறை உடையது நியமம். வாழ்நாள் முழுமைக்கும் உரியது யமம். உடலுக்கு ஒவ்வாததைக் கொலையில்லை என்பதற்காக வைத்துக்கொள்ளலாகாது, விலக்க வேண்டும் என்பதையும் அவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறார். 'குறைத்துக்கொண்டு வருகிறேன்' என்னும் நம் மாணவரின் சொல் நியமம் போல ஒலிக்கிறது. ஆனால் நியமத்துக்கு நாள் உண்டு. 'எந்த நாளில் முடியும்?' என்று கேட்டோம். 12 மில்லி கிராமிலிருந்து 6 ஆயிற்று, 6 இப்பொழுது 3 ஆயிற்று என்றார். எப்பொழுது 3 ஆயிற்று என்று கேட்டதற்கு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்றார்.

இது அவர் ஒருவரின் நிலையன்று. 2019இல் இங்கிலாந்தில் 886 பேரைக் கொண்ட ஓர் ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஓராண்டின் இறுதியில் மின் சிகரெட்டுப் பெற்றோரில் 18 விழுக்காட்டினர் சிகரெட்டை விட்டிருந்தனர். நிக்கோட்டின் ஒட்டு, மெல்லும் பசை முதலிய மாற்று மருந்து பெற்றோரில் 9.9 விழுக்காட்டினரே விட்டிருந்தனர். மின் சிகரெட்டின் பக்கம் பேசுவோர் இவ்வளவோடு நிறுத்திக்கொள்வர். அவ்வாறு விட்டவர்களுள், மாற்று மருந்துக் குழுவினரில் 9 விழுக்காட்டினர் மட்டுமே ஓராண்டுக்குப் பின்னும் மருந்தைத் தொடர்ந்தனர். மின் சிகரெட்டுக் குழுவினரிலோ 80 விழுக்காட்டினர் அதனையே பிடித்துக்கொண்டிருந்தனர். இறங்குவதற்கென்று வைத்த ஏணியின் நடுப்படியில் குடியேறிவிட்டார்கள். தாமே கலப்பவர்க்கு இவ்விடர் இன்னும் மிகுதி என்று நாம் எண்ணுகிறோம். அளப்பதும் கணக்கிடுவதும் குலுக்கி ஊறவைப்பதும் ஒரு கைத்தொழிலின் இன்பத்தைத் தருகின்றன. அதனைப் பற்றிப் பேசும்போது நம் மாணவரின் முகம் மலர்ந்ததைக் கண்டோம். சிகரெட்டு அவருக்கு ஒருபோதும் அத்தகைய பெருமையைத் தந்ததில்லை. விட்டொழிக்க வேண்டியதை இவ்வளவு பரிவோடு சமைப்பவர் அதனை எவ்வாறு விடுவார்?

மகனின் நிலை வேறு. அவன் சிகரெட்டைத் தொட்டவனல்லன். இறங்குவதற்கு அவனுக்குப் படியே இல்லை. சுவையில்லை, நிக்கோட்டின் இல்லை என்றால் அவன் பெறுவதுதான் யாது? வாணலியில் எண்ணெய் கருகும்போது கண்ணைக் கரிக்கும் அக்ரோலின் என்னும் பொருள், கிளிசரின் மிகச் சூடேறினாலும் தோன்றும். அதனையும், கையை வாய்க்குக் கொண்டுபோகும் ஒரு பயிற்சியையும் தவிர வேறொன்றும் அவன் பெறவில்லை. அப்பயிற்சி முற்றிய பின் குப்பியில் எதை ஊற்றுவது என்பது ஒரு சிறு தொலைவே. அவன் அருந்துவதைத் தந்தை கொடுக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று நம் நெறி மூன்றாகக் கணக்கிடுவதைச் சொல்லி, அவன் எதைப் பார்த்துக் கற்றான் என்று மட்டும் கேட்டோம். அக்கேள்வியே அவரைச் சுட்டது. நிக்கோட்டின் கணக்கு, சட்டம், நஞ்சு அனைத்தையும் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்தவர் அப்பொழுது எழுந்து வாசலுக்குச் சென்று நின்றார்.

அவருக்கு நாம் கூறிய வழி எளியது. மருத்துவரைக் கேட்டு அளவறிந்த நிக்கோட்டின் பசையைக் கடையில் வாங்கலாம். 1800-11-2356 என்னும் நாட்டளவிலான இலவசத் தொலைபேசி எண்ணில் புகையிலையை விட உதவி கேட்கலாம். ஒரு நாளைக் குறித்துச் சுவரில் எழுதி வைக்கலாம். குப்பிகள் இன்றே வீட்டைவிட்டு நீங்க வேண்டும், மகனுடையதும்தான்.

இவ்வளவும் எழுதியபின் நம் வீடுகளையும் நினைத்துக்கொள்கிறோம். பொழுது சாயுமுன் உண்டு, நீரை வடிகட்டிப் பருகி, சதுர்த்தசி தவறாமல் உப்பை விலக்கிய நம் உறவினர் ஒருவர் மடியில் எந்நேரமும் மூக்குப்பொடி மட்டை இருக்கும். கேட்டால், "இது நாவில் படுவதில்லை, ஆகவே இரசமில்லை" என்பார். பொடியில் இருப்பதும் அதே நிக்கோட்டின்தான். ஓராண்டு தசலட்சண நாள்களில் பத்து நாளும் பொடி இழுப்பதில்லை என்று நியமம் பூண்டார். அந்தப் பத்து நாளும் அவர் பட்ட பாட்டையும், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் திண்ணையில் கிடந்ததையும் வீட்டார் அறிவர். பதினோராம் நாள் காலையில் மட்டையைக் கையில் எடுத்தவர் நெடுநேரம் திறவாமலே அமர்ந்திருந்தார். பிறகு திறந்துதான் விட்டார். ஆனால் இரசமில்லை என்று அதன்பின் அவர் சொன்னதில்லை. அடுத்த ஆண்டு நியமம் பத்து நாளிலிருந்து ஒரு திங்களாயிற்று.